மார்ச் 27 தேதியிட்ட கோப்பு

நேயர்களுக்கு வணக்கம். ஒரு தொழிற்சாலைக்கு எத்தனை டன் இரும்புத் தகடு வந்தது, யாருக்கு எவ்வளவு பணம் பாக்கி, எந்தத் தொழிலாளிக்கு எத்தனை நாள் சம்பளம், எந்த வாடிக்கையாளருக்கு என்ன விலை என்பதெல்லாம் இன்று ஒரே மென்பொருளுக்குள் கிடக்கிறது. பெரிய நிறுவனங்கள் பலவற்றில் அதன் பெயர் எஸ்.ஏ.பி. ஐ.பி.எம். நிறுவனத்திலிருந்து விலகிய ஐந்து பேர் 1972-இல் ஜெர்மனியில் தொடங்கியது. அது நிற்காமல் ஓடும்படி பார்த்துக்கொள்கிறவர்களை எங்கள் துறையில் 'பேசிஸ்' என்பார்கள். நான் 18 ஆண்டுகளாக அந்த வேலையில் இருக்கிறேன். எல்லாம் ஒழுங்காக நடக்கும்வரை எங்களை ஒருவருக்கும் தெரியாது. நின்றுபோனால் மட்டும் எங்கள் கைப்பேசி எண் ஊருக்கே தெரிந்திருக்கும்.

2025 ஏப்ரல் 24, வியாழக்கிழமை. எஸ்.ஏ.பி. வழக்கமாக மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை பாதுகாப்புத் திருத்தங்களை வெளியிடும். 'நோட்' என்போம். அந்த மாதத்துச் செவ்வாய் 8-ஆம் தேதியே போய்விட்டது. முறை தவறி வியாழக்கிழமை ஒரு நோட் வருகிறது என்றால் வயிற்றில் புளியைக் கரைக்காமல் என்ன செய்யும்? எண் 3594142. அபாய மதிப்பெண் பத்துக்குப் பத்து. பள்ளிக்கூடத்தில் இந்த மதிப்பெண்ணுக்கு மிட்டாய் தருவார்கள். எங்கள் தொழிலில் இதற்குப் பொருள் வேறு. கடவுச்சொல் தேவையில்லை, ஊழியர் யாரும் ஏமாந்து எதையும் சொடுக்க வேண்டியதில்லை, உலகின் எந்த மூலையிலிருந்தும் உள்ளே வரலாம்.

ஓட்டை இருந்தது விஷுவல் கம்போசர் என்ற கருவியில். நிரல் எழுதத் தெரியாத அலுவலர்களும் திரையில் பெட்டிகளை இழுத்து வைத்துத் தங்களுக்கு வேண்டியதைச் செய்துகொள்ளட்டும் என்று ஒரு காலத்தில் கொடுத்தது. எங்கள் இடத்தில் அதைத் தொட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. தொடாவிட்டால் என்ன, அது பாட்டுக்கு ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதில் கோப்புகளை ஏற்றுவதற்கென்று ஒரு வாசல் உண்டு. அந்த வாசலில் 'நீ யார்?' என்று கேட்க ஆளில்லை. எவர் எதைக் கொடுத்தாலும் வாங்கி உள்ளே வைத்தது. வந்தவர்கள் கொடுத்தவை சில வரிகளே உள்ள ஜே.எஸ்.பி. கோப்புகள், அதாவது சர்வரிலேயே இயங்கும் குட்டி நிரல்கள். உலாவியில் அந்தக் கோப்பின் முகவரியை அடித்து, கூடவே ஒரு கட்டளையையும் சேர்த்துவிட்டால் சர்வர் அதை அப்படியே நிறைவேற்றும். யாருடைய அதிகாரத்தில் என்கிறீர்கள்? எஸ்.ஏ.பி.யை நிறுவி நடத்துகிற நிர்வாகியின் அதிகாரத்தில். அதாவது, என்னுடைய அதிகாரத்தில்.

நான் அப்போது பார்த்துக்கொண்டிருந்த தொழிற்சாலையின் பெயர் இங்கே வேண்டாம். கணக்குப் பிரிவுத் தலைவரை அழைத்து, "சார், இன்று இரவு இரண்டு மணி நேரம் சிஸ்டத்தை நிறுத்த வேண்டும்" என்றேன். "தம்பி, மாதக் கடைசி. மார்ச் மாத டி.டி.எஸ். 30-ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். அபராதத்தை நீங்கள் கட்டுவீர்களா?" என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. ஞாயிறு இரவு என்று முடிவாயிற்று. அதுவரை அந்த வாசலுக்கான வழியை மட்டும் முன்னாலேயே அடைத்து வைத்தோம். இருபது நிமிட வேலை. ஒருவரும் புகார் சொல்லவில்லை. ஒருவருமே பயன்படுத்தாத வாசலுக்காக இத்தனை பாடு.

ஞாயிறு இரவு அந்தத் திருத்தத்தை, எங்கள் மொழியில் 'பேட்ச்', போட்டோம். திங்கள் காலை எல்லோருக்கும் மின்னஞ்சல் போயிற்று. பாராட்டும் வந்தது. எனக்குத்தான் காபி இறங்கவில்லை.

காரணம் இதுதான். நோட் வருவதற்கு இரண்டு நாள் முன்பே, 22-ஆம் தேதி, ரிலையாக்வெஸ்ட் என்ற பாதுகாப்பு நிறுவனம் ஒரு செய்தி வெளியிட்டிருந்தது. அதுவரை வந்த எல்லாத் திருத்தங்களையும் போட்டு வைத்திருந்த சர்வர்களுக்குள்ளும் ஆட்கள் புகுந்திருக்கிறார்கள் என்பது செய்தி. பூட்டு வருவதற்கு முன்பே திருடர்கள் வந்து போயிருக்கிறார்கள். பேட்ச் இனிமேல் வருகிறவனைத் தடுக்கும். ஏற்கெனவே உள்ளே வந்து பரணில் ஏறிப் படுத்திருக்கிறவனைப் பற்றி அதற்கு என்ன தெரியும்? அவனையும் உள்ளே வைத்துத்தான் நாங்கள் பூட்டியிருந்தோம்.

அந்த வாசல் வழியாக வரும் கோப்புகள் போய்ச் சேரும் அடைவை, அதாவது ஃபோல்டரை, சர்வரில் திறந்து பட்டியல் எடுத்தோம். கோப்புகள் எல்லாம் நிறுவிய நாளின் தேதியோடு, 2019, 2019 என்று வரிசையாக நின்றன. நடுவில் ஒன்று மட்டும் மார்ச் 27, பின்னிரவு 3.12. பெயர் சாதுவானது: கேஷ்.ஜே.எஸ்.பி. இந்தக் 'கேஷ்' பணமல்ல, தற்காலிகச் சேமிப்பு. பக்கத்தில் இருந்த இளைஞர் பதறிப்போய் அதை அழிக்கக் கையை நீட்டினார். "தொடாதீர்கள்" என்று கத்தியே விட்டேன். அழித்தால் தடயமும் அதோடு போய்விடும். முதலில் வட்டு முழுவதையும் நினைவகத்தையும் படியெடுத்தோம்.

பிறகு அணுகல் பதிவேட்டைத் திறந்தேன். இந்த இடத்தைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. பதிவேடு ஏப்ரல் 14-இல்தான் தொடங்கியது. இடத்தை மிச்சப்படுத்துவதற்காக 14 நாளுக்கு மேற்பட்டதை அழித்துவிடும்படி அமைத்தது நானேதான். மார்ச் 27-க்கும் ஏப்ரல் 14-க்கும் இடைப்பட்ட 18 நாட்களில் அந்தக் கோப்பின் வழியாக யார் வந்தார்கள், எதை எடுத்தார்கள் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. பதிவேடுகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும், ஊடுருவல் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும் என்று இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலிலேயே உத்தரவிட்டிருக்கிறது. இரண்டாவதைச் செய்தோம். அறிவிக்கும்போதே முதலாவதைச் செய்யவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

தெரியாதபோது எல்லாம் போய்விட்டது என்றே கொள்ள வேண்டும். தரவுத்தளக் கடவுச்சொல், மற்ற சர்வர்களோடு பேசும் கணக்குகளின் கடவுச்சொற்கள், வங்கிக்குப் பணம் அனுப்பும் சாவிகள் என்று ஒவ்வொன்றாக மாற்றினோம். அந்தச் சர்வரை நம்பாமல் புதிதாக ஒன்றை அடியிலிருந்து கட்டினோம். இதற்குள் இன்னொரு செய்தியும் வந்தது. முதலில் புகுந்தவர்கள் விட்டுச்சென்ற கோப்புகளை வேறு ஆட்கள் தேடிக் கண்டுபிடித்து உள்ளே நுழைகிறார்களாம். ஒருவன் சுவரில் போட்ட துளையில் இன்னொருவன் புகுந்த கதை.

மே 13 அன்று, ஓட்டையின் மூலத்தையே சரிசெய்யும் இரண்டாவது நோட் வந்தது. மறுபடியும் நிறுத்த வேண்டும். தயங்கித் தயங்கிக் கணக்குப் பிரிவுத் தலைவரை அழைத்தேன். விளக்கம் எதையும் அவர் கேட்கவில்லை. "எத்தனை மணிக்கு?" என்றார். பத்து மணிக்கு என்றேன். சற்றுப் பொறுத்து, "போன முறை போலப் பட்டியல் எடுத்துப் பார்ப்பீர்கள் அல்லவா? நானும் வருகிறேன்" என்றார். வந்தார். விடியும்வரை பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தேதிகளை ஒவ்வொன்றாக விரல் வைத்துப் படித்தார்.