தட்டில் எவ்வளவு பருப்பு?

(பெங்களூரு அல்சூரில் தமிழ்ப் பெற்றோர் கூடிய நிகழ்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். மர்பி டவுன், ஸ்ரீராமபுரம், லிங்கராஜபுரம் என்று பல பக்கங்களிலிருந்தும் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நம் பிள்ளைகளில் பலர் அரசுப் பள்ளியில் பிசியூட்டா, அதாவது அங்கே தரும் மதிய உணவு, சாப்பிடுகிறார்கள். மாலையில் வீடு திரும்பியதும் “சாப்பிட்டியா?” என்று கேட்கிறோம். “சாப்பிட்டேன்” என்கிறது பிள்ளை. பேச்சு அத்தோடு முடிந்துவிடுகிறது. இனிமேல் இன்னும் கொஞ்சம் கேளுங்கள். சாம்பார் கெட்டியாக இருந்ததா, என்ன காய் போட்டார்கள், எவ்வளவு மிச்சம் வைத்தாய்? பிள்ளையின் வயிற்றுக்குள் என்ன போனது என்பதைத்தான் நான் தரம் என்கிறேன்.

பள்ளியில் சோறு போடுவது நமக்குப் புதிதில்லை. சென்னை ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் 1920-இலேயே நடந்த காரியம் அது. காமராஜர் 1956-இல் அதை மாநிலத் திட்டமாக்கினார், எம்.ஜி.ஆர். 1982-இல் சத்துணவாக விரித்தார். எல்லா மாநிலங்களும் சமைத்த உணவே தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2001 நவம்பரில் உத்தரவிட்டது. கர்நாடகத்தின் மதிய உணவுத் திட்டமான அக்ஷர தாசோஹா அடுத்த ஆண்டு தொடங்கியது. ஆகவே இது யாரும் போடும் தர்மம் இல்லை. பிள்ளையின் உரிமை. உரிமை என்றால் அளவும் உண்டு.

அந்த அளவை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்பு வரை ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 100 கிராம் தானியம், 20 கிராம் பருப்பு, 50 கிராம் காய்கறி, 5 கிராம் எண்ணெய். ஆறு முதல் எட்டு வரை 150, 30, 75, ஏழரை கிராம். அப்படியென்றால் சின்ன வகுப்புப் பிள்ளைகள் 200 பேர் சாப்பிடும் பள்ளியில் 4 கிலோ பருப்பும் 10 கிலோ காயும் அடுப்புக்குப் போயிருக்க வேண்டும். வீட்டில் தினமும் குழம்பு வைக்கிற உங்களுக்கு இந்தக் கணக்கை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. சாம்பாரைக் கரண்டியில் எடுத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

பருப்பு ஏன் முதலில் குறைகிறது? காசுதான் காரணம். அரிசி தனியாக வந்துவிடுகிறது. மற்றதற்கு 2025 மே முதல் சின்ன வகுப்புப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 6 ரூபாய் 78 காசு. துவரம் பருப்பு கிலோ 150 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 20 கிராமுக்கே 3 ரூபாய் போய்விடும். காய்க்கு 2 ரூபாய், எண்ணெய்க்கு முக்கால் ரூபாய். மிச்சம் ஒரு ரூபாயில் எரிபொருள், புளி, மிளகாய், உப்பு எல்லாம் அடங்க வேண்டும். இந்த ஒதுக்கீடு போதாது என்பதை உரக்கச் சொல்ல வேண்டும். நாம் சொல்லாவிட்டால் யார் சொல்வார்கள்?

சமைக்கும் அம்மாக்களையும் நினைத்துப் பாருங்கள். மத்தியத் திட்டத்தில் அவர்களுக்கான மதிப்பூதியம் 2009-இல் மாதம் 1,000 ரூபாய் என்று வைத்தது. அது அப்படியே நிற்கிறது. மாநில அரசு தன் பங்காக மேலே போட்டுத் தந்தாலும், நூறு பிள்ளைக்குக் காய் நறுக்கி, சமைத்து, பாத்திரம் கழுவும் வேலைக்கு அது கூலியே ஆகாது. சாப்பாடு நன்றாக இருக்க வேண்டும் என்று கேட்கும் நாம், அவர்கள் சம்பளத்தையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

நல்ல மாற்றங்களும் வந்திருக்கின்றன. 2013 முதல் பால் தருகிறார்கள். அப்புறம் முட்டை. அசீம் பிரேம்ஜி அறக்கட்டளையும் கைகொடுத்ததால், 2024-இல் வாரம் 6 நாளும் முட்டை என்று ஆனது. ஒரு முட்டையில் 6 கிராம் புரதம் இருக்கிறது. சின்னப் பிள்ளையின் மதிய உணவில் இருக்க வேண்டிய 12 கிராமில் அது சரிபாதி. முட்டை வேண்டாம் என்கிற பிள்ளைக்கு வாழைப்பழமோ கடலை மிட்டாயோ உண்டு. இரண்டு பேரையும் தனித்தனி வரிசையில் மட்டும் உட்கார வைக்கக் கூடாது. அதைப் பார்த்தால் விடாதீர்கள்.

காய் விஷயத்தில் செலவில்லாத வழிகளும் உண்டு. முருங்கைக் கீரை, அவரைக்காய்க் காலத்தில் அவரை, சோற்றின் மேல் கொஞ்சம் எலுமிச்சைச் சாறு. எலுமிச்சையிலுள்ள வைட்டமின் சி கீரையின் இரும்புச்சத்தை உடம்பில் சேர வைக்கும். ராகியில் அரிசியைவிடப் பல மடங்கு சுண்ணாம்புச்சத்து. இந்த ஊர் மண்ணில் விளைகிற தானியம் அது, பிள்ளைகளுக்கும் பழகிய ருசி.

ஒன்றில் மட்டும் சமரசமே கூடாது. 2013 ஜூலையில் பீகாரின் சாரண் மாவட்டத்தில் பள்ளி உணவு சாப்பிட்ட 23 பிள்ளைகள் இறந்தார்கள். சமையல் எண்ணெயில் பூச்சிமருந்து கலந்திருந்தது. பரிமாறும் முன் ஆசிரியர் ஒருவராவது ருசி பார்க்க வேண்டும் என்ற விதி இருக்கிறது. அது நடக்கிறதா என்று பாருங்கள். வெளிச் சமையல்கூடத்திலிருந்து வேனில் சாப்பாடு வரும் பள்ளி என்றால், எத்தனை மணிக்குச் சமைத்தது, இறங்கும்போது சூடாக இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

எஸ்.டி.எம்.சி. என்கிற பள்ளி வளர்ச்சி, மேற்பார்வைக் குழுவில் பெற்றோர்தான் அதிகம். ஆனால் கன்னடத்தில் சரளமாகப் பேச வரவில்லையே என்று நம்மவர்கள் பலர் பின்வரிசையிலேயே உட்கார்ந்துவிடுகிறார்கள். அந்தத் தயக்கம் வேண்டாம். கன்னடம் படிக்கிற உங்கள் பிள்ளையையே ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள்: இன்று எத்தனை பிள்ளைகள் சாப்பிட்டார்கள், பருப்பு எத்தனை கிலோ போட்டீர்கள், இருப்புப் பதிவேட்டைப் பார்க்கலாமா. தலைமை ஆசிரியரிடம் அந்தத் தாளைக் கொடுங்கள். போகும்போது இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து, மதியம் பரிமாறும் நேரத்தில் போங்கள்.