காற்றுக்குக் கணக்கு எழுதியவர்

(பொறியாளர் நாளையொட்டிக் கடலூரில் பேசியது. பேச்சின் போக்கை அதிகம் மாற்றாமல் எழுதியிருக்கிறேன்.)

அவையில் இருக்கும் பெரியவர்களுக்கும், பாலிடெக்னிக் மாணவர்களுக்கும், வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருக்கும் மேஸ்திரிகளுக்கும் வணக்கம்.

செப்டம்பர் 15 என்றால் விஸ்வேஸ்வரய்யாவைப் பற்றித்தான் பேசுவார்கள். அவரைப் பற்றி எனக்கு முன்னால் பேசிய இருவரும் நன்றாகவே பேசிவிட்டார்கள். அதனால் நான் வேறொருவரைப் பற்றிச் சொல்கிறேன். அதற்கு முன் ஒரு கேள்வி. 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் நீங்கள் எங்கே இருந்தீர்கள்?

பாருங்கள், புயலின் பெயரை நான் சொல்லவே இல்லை. அதற்குள் அந்தப் பக்கம் இரண்டு பேர் "தானே" என்று முணுமுணுத்துவிட்டார்கள். பண்ருட்டிப் பக்கம் பலா மரங்களும் முந்திரித் தோப்புகளும் வேரோடு சாய்ந்து கிடந்ததைப் பார்த்த ஊர் இது. காற்று என்றால் என்ன என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

அந்த ராத்திரி புதுப்பாளையத்தில் என் வீட்டில்தான் இருந்தேன். மொட்டை மாடியில் நானே கணக்குப் போட்டு, நானே நின்று போட்ட ஷீட் கொட்டகை ஒன்று இருந்தது. நாலு இரும்புத் தூண், குறுக்கே ஆங்கிள், மேலே ஷீட், சுற்றிலும் திறப்பு. ஷீட்டின் எடை, அதன் மேல் ஓர் ஆள் ஏறி நின்றால் அவர் எடை, எல்லாம் பார்த்திருந்தேன். ஷீட்டைப் பிடிக்கும் ஜே கொக்கியை மட்டும், செலவு பார்த்து, ஒன்று விட்டு ஒன்று போட்டிருந்தேன். விடிந்து மாடிக்குப் போனால் தூண் நாலும் நிற்கிறது, ஆங்கிள் நிற்கிறது, மேலே வானம் தெரிகிறது. ஒரு ஷீட் மூன்று தெரு தள்ளி ஒரு மாட்டுக்கொட்டகையின் மேல் கிடந்தது. மாட்டுக்காரர் திருப்பித் தரவே இல்லை. அவர் கூரையும் போயிருந்தது, அவருக்கு அது தேவைப்பட்டது.

எடை கீழே இறங்கும் என்றுதான் நான் கணக்குப் பார்த்தேன். காற்று பக்கத்தில் வந்து மேலே தூக்கியது. இந்தக் காற்றையே ஆயுள் முழுக்கக் கணக்குப் போட்டவர்தான் நான் இன்றைக்குச் சொல்ல வந்த கட்டடப் பொறியாளர் ஃபஸ்லுர் ரஹ்மான் கான்.

1929 ஏப்ரல் 3, டாக்கா. அப்பா கணக்கு வாத்தியார். கல்கத்தாவை அடுத்த சிப்பூரில் பொறியியல் படித்துக்கொண்டிருந்தபோது கலவரம் வந்தது. ஊருக்குத் திரும்பி 1950இல் டாக்காவிலேயே பட்டத்தை முடித்தார். 1952இல் உதவித்தொகையோடு அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்துக்குப் போனார். மூன்றே வருடத்தில் இரண்டு முதுகலைப் பட்டம், ஒரு முனைவர் பட்டம். (மாணவர்கள் பெருமூச்சு விட வேண்டாம்.) 1955இல் சிகாகோவில் ஸ்கிட்மோர், ஓவிங்ஸ் அண்ட் மெரில் என்ற கட்டட வடிவமைப்பு நிறுவனத்தில் சேர்ந்தார். நடுவில் நாடு திரும்பி (டாக்கா அப்போது பாகிஸ்தானில் இருந்தது) கராச்சியில் அரசுப் பதவியிலும் இருந்து பார்த்தார். கோப்பு பார்க்கவே நேரம் சரியாக இருந்தது, டிசைன் பக்கம் போக முடியவில்லை. முன்வரிசையில் பொதுப்பணித்துறை நண்பர்கள் சிரிக்கிறார்கள், அவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். 1960இல் மறுபடி சிகாகோ, அதே நிறுவனம்.

சரி, அங்கே போய் என்ன செய்தார்?

நம்ம ஊர் மூன்று மாடி வீட்டில் தூணும் உத்தரமும் சுமப்பது பெரும்பாலும் எடையைத்தான். மாடி ஏற ஏற எடையும் ஏறும், ஆனால் நிதானமாக ஏறும். காற்று அப்படி இல்லை. கட்டடத்தைத் தரையில் நட்ட ஒரு கழி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் மேல் சீராகக் காற்று அடிக்கிறது. உயரம் இரண்டு மடங்கானால் அடியில் வரும் முறிக்கும் விசை நான்கு மடங்கு. உச்சி ஆடுகிற அளவோ பதினாறு மடங்கு. அதனால் பழைய முறையில், உள்ளேயும் வெளியேயும் தூண்களைச் சட்டம் போலக் கோத்து உயரமாகக் கட்டினால், ஒரு கட்டத்துக்கு மேல் காற்றுக்காகவே இரும்பைக் கொட்ட வேண்டி வரும். உயரத்துக்கு நீங்கள் கொடுக்கும் தண்டம் என்று அதைச் சொல்லலாம். அந்தத் தண்டத்தைக் குறைப்பதுதான் கானின் வேலையாக இருந்தது.

மூங்கிலை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒன்றும் இல்லை, சதை எல்லாம் விளிம்பில். அதே சதையை உருட்டித் திரட்டி நடுவில் வைத்தால் விரல் தடிமனில் ஒரு குச்சி கிடைக்கும், லேசாகத் தட்டினாலே வளையும். நடுவிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவுக்குப் பொருள் வளைவை எதிர்க்கும், அதுவும் தூரத்தின் வர்க்கத்தில். கான் தூண்களை எல்லாம் வெளிச்சுவருக்குக் கொண்டுபோனார். சிகாகோவில் டிவிட் செஸ்ட்நட் என்ற 43 மாடிக் குடியிருப்பு. 1960களின் நடுவில் முடிந்தது, கான்கிரீட். வெளிச்சுவரில் ஐந்தரை அடிக்கு ஒரு தூண், மாடிக்கு மாடி உத்தரம். தூரத்திலிருந்து பார்த்தால் ஜன்னல் ஓட்டை போட்ட ஒரு பெட்டிக்குழாய். கட்டடம் முழுக்க ஒரே மூங்கிலாக நின்றது. குழாய் முறை என்று இன்றைக்குப் புத்தகத்தில் படிக்கிறீர்களே, அதன் பிள்ளையார்சுழி அங்கேதான்.

அடுத்து அதே சிகாகோவில் ஜான் ஹான்காக் சென்டர். நூறு மாடி, 344 மீட்டர். மேலே போகப் போகக் குறுகும். வெளிச்சுவரில் பல மாடிகளை ஒரே வீச்சில் தாண்டும் பெரிய பெருக்கல் குறிகள். அழகுக்காகப் போட்டதில்லை அது. காற்றின் விசையை ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு நேர்வழியில் இறக்கும் தாங்கிகள்.

இங்கே ஒரு கணக்கு. வீடு கட்டும்போது சதுர அடிக்கு மூன்றரை, நாலு கிலோ கம்பி என்று நாம் மனக்கணக்காகச் சொல்வோம் இல்லையா? நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடம், 1931இல் கட்டியது, 102 மாடி. அதற்குச் சதுர அடிக்குச் சுமார் 19 கிலோ இரும்பு ஆனது. ஹான்காக்குக்கு ஆனது சுமார் பதின்மூன்றரைக் கிலோ. மாடிக் கணக்கில் இரண்டும் ஏறத்தாழ ஒன்று. சதுர அடிக்கு ஐந்தரைக் கிலோ மிச்சம். கான்ட்ராக்டர்கள் நிமிர்ந்து உட்காருவதைப் பார்க்கிறேன்.

கட்டடம் நிற்கும் என்பது கணக்கில் வந்துவிட்டது. ஆனால் எழுபதாவது மாடியில் படுத்திருப்பவருக்குக் கட்டில் ஆடுவது தெரியுமா? எவ்வளவு ஆடினால் தெரியும்? அதற்கு யாரிடமும் சூத்திரம் இல்லை. சிகாகோவின் அறிவியல் அருங்காட்சியகத்தில் ஒரு வாஷிங் மெஷின் கம்பெனி தன் சரக்கைக் காட்டச் சுழலும் மேடை ஒன்று வைத்திருந்தது. கான் அங்கே ஆட்களைக் கூட்டிப் போனார். அதன் மேல் நிற்க வைத்தார், உட்கார வைத்தார், படுக்க வைத்தார். எந்த அளவு அசைவில் தெரிகிறது என்று ஒவ்வொருவரையும் கேட்டுக் குறித்துக்கொண்டார். எனக்கு அவரிடம் மிகவும் பிடித்த இடம் இது. முனைவர் பட்டம் வாங்கியவர், ஓர் அருங்காட்சியகத்தின் நடுவில் ஆளைப் படுக்கப் போட்டு, "இப்போ ஆடுதா?" என்று கேட்டுக்கொண்டு நிற்கிறார்.

ஹான்காக்கைக் கட்டும்போது எல்லாம் சுமுகமாகப் போகவில்லை. அடித்தளத்தில் ஆழமாக இறக்கிய கான்கிரீட் தூண் ஒன்று, மேலே பாரம் வந்ததும் அசைந்து கீழே இறங்கியது. வேலையை நிறுத்தி மற்றவற்றையும் சோதித்துச் சரிசெய்தார்கள். மண்ணுக்கு அடியில் நடந்த வேலையை மறுபடி திறந்து பார்க்கிற சங்கடம் இங்கே பலருக்குத் தெரியும். மேலே போகலாம்.

அப்புறம், அதுவும் சிகாகோவில்தான், சியர்ஸ் டவர். கட்டடக் கலைஞர் புரூஸ் கிரஹாம், ஹான்காக்கிலும் அவர்தான் கூட்டாளி. மதியச் சாப்பாட்டு மேசையில் கிரஹாம் ஒரு பிடி சிகரெட்டை எடுத்து, சேர்த்துப் பிடித்து, ஒவ்வொன்றையும் வேறு வேறு உயரத்துக்கு நகர்த்திக் காட்டினாராம். எனக்கு அதைவிடப் பக்கத்தில் ஓர் உதாரணம் இருக்கிறது. தேவனாம்பட்டினத்துக்காரர்கள் யாராவது இருந்தால் கை தூக்குங்கள். ஆங்... கட்டுமரம். தனி மரத்தை அலையில் விட்டால் உருளும். நாலைந்தைப் பக்கம் பக்கமாக வைத்துக் கயிற்றால் இறுக்கினால் ஆளைச் சுமந்து கடலுக்குப் போகும். கட்டடம், கட்டுமரம் இரண்டிலும் நம் மொழியில் ஒரே "கட்டு"தான்.

சியர்ஸ் டவர் ஒன்பது குழாய்களின் கட்டு. ஒவ்வொன்றும் 75 அடிச் சதுரம், மூன்றுக்கு மூன்றாக. ஐம்பதாவது மாடியில் இரண்டு நின்றுவிடும். அறுபத்தாறில் இன்னும் இரண்டு. தொண்ணூறில் மூன்று. மிச்சம் இரண்டு மட்டும் உச்சி வரைக்கும். மொத்தம் 110 மாடி, 442 மீட்டர். 1974இல் முடிந்தது. 1998 வரைக்கும் உலகத்திலேயே உயரமானது.

ஏன் ஒன்பது? ஒரே பெரிய குழாயாகப் போட்டிருக்கலாமே என்று ஒரு மாணவர் போன வாரம் என்னிடம் கேட்டார். நல்ல கேள்வி. பெரிய பெட்டிக்குழாயில் ஒரு சிக்கல் உண்டு. காற்று தள்ளும்போது மூலைத் தூண்கள் முக்கி முக்கிச் சுமக்கும், சுவரின் நடுவில் இருக்கும் தூண்கள் சும்மா வேடிக்கை பார்க்கும். ஷியர் லாக் என்பார்கள். கல்யாண வீட்டில் நாலு பேர் ஓட, நாற்பது பேர் நாற்காலியில் இருப்பது போல. ஒன்பதாகப் பிரித்தால் உள்ளேயும் குறுக்குச் சுவர்கள் வந்துவிடும். அவை அந்த நடுத் தூண்களையும் எழுப்பி வேலை வாங்கிவிடும்.

இவ்வளவு உயரத்தில் இருந்தவருக்கு ஊர் மறந்துவிடவில்லை. 1971இல் வங்கதேசப் போர் நடந்தபோது சிகாகோவில் இருந்துகொண்டே தன் மக்களுக்காக அமைப்பு நடத்தி, நிதி திரட்டினார். தாகூர் பாடல்களில் அப்படி ஒரு பிரியம் அவருக்கு. அதை விரித்தால் நேரம் போதாது, தலைவர் ஏற்கெனவே கடிகாரத்தைப் பார்க்கிறார்.

கடைசியாக ஒன்று. ஜெட்டா விமான நிலையத்தின் ஹஜ் முனையம், 1981. யாத்திரை நாட்களில் லட்சக்கணக்கானவர்கள் வந்து இறங்கிக் காத்திருக்கும் இடம், பாலைவன வெயில். உயரக் கட்டடங்களுக்குப் பேர்போன மனிதர், கார்டன் பன்ஷாஃப்ட் என்ற கட்டடக் கலைஞரோடு சேர்ந்து, அங்கே போட்டது கூடாரம். டெஃப்லான் பூசிய கண்ணாடியிழைத் துணியில் 210 கூடாரங்கள். ஒவ்வொன்றும் 45 மீட்டர்ச் சதுரம். சுவரே கிடையாது. பக்கவாட்டில் காற்று தாராளமாக உள்ளே வரும். சூடான காற்று மேலே ஏறி, கூம்பின் உச்சியில் விட்டிருக்கும் வளையத் திறப்பு வழியாக வெளியேறிவிடும். அத்தனை வருடம் காற்றை எதிர்த்துக் கட்டியவர், இங்கே அதையே வேலைக்கு வைத்துக்கொண்டார்.

அடுத்த வருடம், 1982 மார்ச் 27 அன்று, அதே ஜெட்டாவில் மாரடைப்பால் காலமானார். ஐம்பத்து மூன்று வயது நிறைய ஒரு வாரம் இருந்தது. சிகாகோவில் அடக்கம் செய்தார்கள்.

(இங்கே பின்வரிசையிலிருந்து ஒரு மேஸ்திரி எழுந்து, "சார், ஒரு சந்தேகம். சுத்தியும் தொறந்து கெடக்குது, மேல துணி. அது உங்க கொட்டகை மாதிரி பறந்து போவாதா?" என்று கேட்டார். அரங்கமே சிரித்தது.)

போகாது மேஸ்திரி. அங்கே துணி எந்த இடத்திலும் தொளதொளவென்று இருக்காது. உச்சி வளையத்திலிருந்தும் விளிம்பிலிருந்தும் எஃகு வடங்கள் போட்டு, மேலும் கீழுமாக இழுத்து முறுக்கேற்றி, இரும்புத் தூண்களோடு கட்டியிருக்கிறார்கள். காற்று தூக்கப் பார்த்தால் முதலில் அந்த வடங்களைத் தூக்க வேண்டும். அவர் எல்லாப் பக்கமும் இழுத்துக் கட்டினார். நான் ஒன்று விட்டு ஒன்று கொக்கி மாட்டினேன்.