நாடு போனா போகட்டும், படம் போகக்கூடாது

வணக்கம் நேயர்களே. வீட்டுல பெரியவங்க போயிட்டா பீரோ யாருக்கு, குத்துவிளக்கு யாருக்குன்னு ஒரு பேச்சு வரும்ல, அதையே ஒரு நாட்டு அளவுக்கு நெனச்சுப் பாருங்க. இத்தாலியில ஃபிளாரன்ஸ், அங்க மெடிசி குடும்பம், 1397ல பேங்க் ஆரம்பிச்சு பின்னாடி நாட்டையே ஆண்டவங்க. அந்த நேர் வம்சத்துல கடைசியா மிஞ்சினது ஒரு அம்மா, அன்னா மரியா லூயிசா. அண்ணனுக்கும் குழந்தை இல்ல, தம்பிக்கும் இல்ல, இவங்களுக்கும் இல்ல. எனக்கப்புறம் மகளே ஆளட்டும்னு அப்பா மூணாம் கோசிமோ எவ்வளவோ முட்டிப் பார்த்தார், பெரிய ராஜாக்கள் யாரும் மசியல.

இவங்கள வளர்த்தது பாட்டி விட்டோரியா. இங்கதான் விஷயமே, இந்தப் பாட்டியும் ஒரு வம்சத்தோட கடைசி வாரிசு! இத்தாலியிலேயே உர்பினோன்னு ஒரு நாடு. விட்டோரியாவோட தாத்தா 1631ல இறந்ததும் நாட்டை போப் எடுத்துக்கிட்டார், பேத்திக்கு மிஞ்சினது படங்களும் சாமான்களும்தான், அதோட ஃபிளாரன்ஸுக்கு மருமகளா வந்தாங்க. அதுல உர்பினோ பிரபு ஃபெடெரிகோ படம் ஒண்ணு இருக்கு, நான் பார்க்கிறவங்ககிட்டல்லாம் இதைச் சொல்லாம விடமாட்டேன், முகத்த பக்கவாட்டுல, இடது பக்கம் மட்டும் வரைஞ்சிருப்பாங்க, ஏன்னா சண்டைப் போட்டி விளையாட்டுல மனுஷனுக்கு வலது கண்ணு போயிடுச்சு. மூக்கு நடுவுல ஒடிஞ்ச மாதிரி இருக்கும், அதை மட்டும் மறைக்கல. ஆக நாடு கைய விட்டுப் போனாலும் படம் கூட வரும், இதை பாட்டி மடியிலேயே பார்த்து வளர்ந்த பொண்ணு இவங்க. இது என் கணக்கு, சரித்திர வாத்தியாருங்க ஒத்துக்கணும்னு இல்ல.

தம்பி 1737 ஜூலையில இறந்தார். நாடு லொரெய்ன் பிரபு பிரான்சிஸுக்குன்னு ராஜாக்கள் முன்னாடியே பேசி வச்சாச்சு. பக்கத்து பார்மாவுல என்ன நடந்துச்சுன்னா, சார்லஸ்னு ஒரு இளவரசர் நேப்பிள்ஸுக்கு ராஜாவா போகும்போது அங்க ஆண்ட ஃபர்னேசே குடும்பத்துப் படங்களையும் கூடவே அள்ளிக்கிட்டுப் போயிட்டார். அந்த சார்லஸ் முதல்ல ஃபிளாரன்ஸுக்கே வாரிசா பேசப்பட்டவர், தப்பிச்சது எப்படிப்பட்ட ஆபத்துன்னு பாருங்க!

அன்னா அம்மா சும்மா உக்காரல. அதே வருஷம் அக்டோபர் 31, பிரான்சிஸோட ஒரு ஒப்பந்தம். படம், சிலை, புத்தகம், நகை எல்லாம் உங்களுக்கே தர்றேன், ஆனா ஒரு துரும்பு கூட ஊரை விட்டுப் போகக்கூடாது. காரணமும் அதுலயே எழுதியிருக்கு: நாட்டுக்கு அழகு, ஜனங்களுக்குப் பயன், வெளியூர்க்காரங்க ஆசையா பார்க்க வரணும். திரும்பச் சொல்றேன், வெளியூர்க்காரங்க வரணும்! 1737லயே டூரிஸத்த யோசிச்ச அம்மா.

இன்னும் அவங்க ஜெர்மனியில வாழ்ந்தது, சான் லொரென்சோ கோயில்ல குடும்பக் கல்லறை மண்டபத்துக்கு காசு கொடுத்தது எல்லாம் சொல்லலாம்னு குறிச்சு வச்சிருந்தேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கைய ஆட்டுறாங்க. 1743 பிப்ரவரி 18ல இறந்தாங்க, 1769ல ஃபிளாரன்ஸ்ல உஃபிஸி மியூசியம் ஜனங்களுக்குத் திறந்தாச்சு, அந்த மூக்கு ஒடிஞ்ச பிரபு இன்னைக்கும் அங்கதான் இருக்கார். வணக்கம்.