பிழைத்த விடையை வாசியுங்கள்

மாணவச் செல்வங்களே, பெற்றோரே, உடன் கற்பிக்கும் ஆசிரியர்களே, அனைவருக்கும் வணக்கம்.

உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவு படிக்கும் பிள்ளையிடம் "படிப்பு எப்படிப் போகுது?" என்று கேட்டால், பெரும்பாலும் ஓர் ஆண்டுக் கணக்குத்தான் பதிலாக வரும். "சேர், 2005 இலிருந்து பாஸ்ற் பேப்பர் எல்லாம் செய்து முடிச்சிட்டன்." அதற்குப் பின்னால் இருக்கும் உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் "அதில் உமக்குப் பிழைத்த கேள்விகள் எவை? ஏன் பிழைத்தன?" என்று அடுத்துக் கேட்டால் பலரிடம் பதில் இல்லை. விடையைச் சரிபார்த்து, சிவப்புப் பேனையால் புள்ளி போட்டு, அடுத்த ஆண்டுக்குப் போய்விடுகிறார்கள். கடந்தகால வினாத்தாளில் இருக்கும் பயனில் பெரும்பகுதி அந்த இடத்திலேயே வீணாகிறது.

ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். இது நான் அமைத்தது. ஆனால் இந்த வகைக் கேள்வியைப் பௌதிகவியல் மாணவர் எல்லோரும் சந்தித்திருப்பீர்கள். மின்னியக்க விசை 1.5 வோல்ற், அகத்தடை 0.5 ஓம் உள்ள கலம் ஒன்றுடன் 2.5 ஓம் தடை தொடுக்கப்பட்டுள்ளது. கலத்தின் முடிவிடங்களுக்கு இடையிலான அழுத்த வித்தியாசம் என்ன? தரப்பட்ட விடைகள் 0.25, 0.5, 1.25, 1.5, 1.75.

மொத்தத் தடை 3 ஓம். மின்னோட்டம் 0.5 அம்பியர். ஆகவே விடை 1.25 வோல்ற். செய்தவர் சரி போட்டுவிட்டுப் போகலாம். பிழைவிட்டவர் எதைத் தெரிவு செய்தார் என்று பாருங்கள். 1.5 என்றவருக்கு அகத்தடை என்ற எண்ணமே மனதில் பதியவில்லை. அவர் அந்த அலகை முதலிலிருந்து படிக்க வேண்டும். 1.75 என்றவருக்கு அகத்தடை தெரியும். கலம் மின்னோட்டத்தை வழங்கும்போது உள்ளே அழுத்தம் இழக்கப்படுகிறது என்பது தெரியாமல் கூட்டிவிட்டார். 0.25 என்றவர் உள்ளே இழக்கப்படும் அழுத்தத்தைச் சரியாகவே கணித்துவிட்டு, கேட்ட கேள்வியை மறந்துபோனார். 0.5 என்றவர் மின்னோட்டத்தைக் கணித்ததும் அந்த எண் விடைகளில் இருப்பதைக் கண்டு, அத்துடன் நிறுத்திவிட்டார். இவர்கள் நால்வருக்கும் கிடைக்கும் புள்ளி ஒன்றே, பூச்சியம். ஆனால் நால்வருக்கும் நான்கு வேறு மருந்து வேண்டும். புத்தகத்தைத் திரும்பப் படிப்பது முதல் இருவருக்கு உதவும். கடைசி இருவருக்கு அது துளியும் உதவாது. அவர்கள் வினாவின் கடைசி வரியின் கீழே கோடு கிழிக்கப் பழக வேண்டும்.

நல்ல பல்தேர்வு வினாவில் பிழையான விடைகள் சும்மா இட்ட எண்கள் அல்ல. மாணவர் எங்கே தடுமாறுவார் என்று ஆழமாக யோசித்து வைத்தவை. ஆகையால் ஒரு தாளைச் செய்து முடித்த பிறகு குறைந்தது அதே அளவு நேரத்தைப் பிழைத்த வினாக்களோடு செலவிடுங்கள். தனியாக ஒரு கொப்பி வையுங்கள். "கவனக்குறைவு" என்று மட்டும் எழுதாதீர்கள். அந்தச் சொல் எதையும் திருத்தாது. "மின்னோட்டத்தை விடையாக எடுத்தேன்" என்று நடந்ததை எழுதுங்கள். ஒரு கிழமை கழித்து அதே வினாவை விடை பார்க்காமல் மீண்டும் செய்யுங்கள்.

ஏன் ஒரு கிழமை? 2006 இல் ரோடிகர், கார்பிக் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். மாணவர்கள் ஒரு பத்தியை வாசித்தார்கள். பின்னர் ஒரு முறையில் அதையே மீண்டும் வாசித்தார்கள். மற்ற முறையில் பத்தியைப் பார்க்காமல் நினைவில் இருப்பதை எழுதினார்கள். ஐந்து நிமிடத்தில் சோதித்தபோது திரும்ப வாசித்ததே முன்னிலையில் நின்றது. ஒரு கிழமை கழித்துப் பார்த்தபோது நிலைமை தலைகீழ். திரும்ப வாசித்தவர்களுக்கு ஏறத்தாழ 42 வீதமும் நினைவிலிருந்து எழுதியவர்களுக்கு 56 வீதமும் நினைவில் இருந்தன. குறிப்பைத் திரும்பத் திரும்ப வாசிக்கும்போது "எல்லாம் தெரியும்" என்று ஒரு நிம்மதி வருகிறதே, அதை நம்பாதீர்கள்.

இரசாயனவியல் மாணவர்களுக்கு ஒன்று. உங்கள் முதலாம் பத்திரத்தில் 31 முதல் 40 வரையான வினாக்களில் நான்கு கூற்றுகள் தரப்பட்டு, எவை சரி என்பதைக் குறியீட்டு எண்ணால் காட்டச் சொல்வார்கள். ஐந்தாவது தெரிவு "வேறு எண்ணிக்கை அல்லது சேர்மானம்". முதல் இரண்டு கூற்றும் சரி என்று கண்டவுடன், "முதல் இரண்டும் மட்டும் சரி" என்பதைக் குறிக்கும் 1 ஐப் போட்டுவிட்டுப் போகிற பிள்ளை, மூன்றாவதும் சரியாக இருந்திருந்தால் அந்த வினாவை இழக்கிறது. இந்தப் பத்து வினாக்களை மட்டும் பல ஆண்டுத் தாள்களிலிருந்து ஒன்றாகச் சேர்த்து ஒரே இருப்பில் செய்து பாருங்கள். பழக்கம் மாறும்.

நேரத்தையும் சொல்ல வேண்டும். முதலாம் பத்திரத்தில் 50 பல்தேர்வு வினாக்கள், 2 மணித்தியாலம். ஒன்றுக்கு 2 நிமிடம் 24 விநாடி. பிழைக்குப் புள்ளி கழிக்கப்படுவதில்லை. ஆகவே எந்த வினாவையும் வெறுமையாக விடக்கூடாது. ஆனால் தரம் 12 இல் இருக்கும் பிள்ளை மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு பேப்பர் செய்வது தேவையற்றது. முதலில் அலகு அலகாக, ஆறுதலாக. முழுத் தாளைக் கடிகாரத்தோடு செய்வது பரீட்சைக்கு முந்திய சில மாதங்களுக்கு உரியது. அதற்காகக் கடைசி மூன்று நான்கு ஆண்டுத் தாள்களைத் தொடாமல் வைத்திருங்கள். எல்லாத் தாளையும் முன்கூட்டியே துண்டு துண்டாகச் செய்து முடித்தவரிடம், தன்னைச் சோதித்துப் பார்க்க ஒரு புதிய தாள்கூட மிஞ்சாது. புதிய பாடத்திட்டத்துக்கான முதற் பரீட்சை 2019 இல் நடந்தது. அதற்கு முந்திய தாள்களைச் செய்யும்போது, நீங்கிய பகுதி எது என்று ஆசிரியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பழையது என்று ஒதுக்கவும் வேண்டாம். நியூற்றனின் விதிகள் மாறவில்லை.

"இந்த முறை இது கட்டாயம் வரும்" என்று சொல்லும் கருத்தரங்குகளைப் பற்றியும் வெளிப்படையாகவே பேசுகிறேன். போன ஆண்டு வந்தது இந்த ஆண்டு வராது என்று எண்ணிப் பாடத்தில் பாதியை விடுவது ஆபத்து. உங்கள் பல்கலைக்கழக வாய்ப்பை இசற் (Z) புள்ளி தீர்மானிக்கிறது. அது உங்களோடு எழுதிய மற்றவர்களின் புள்ளிகளோடு ஒப்பிட்டுக் கணிக்கப்படுவது. எல்லோரும் எதிர்பார்த்த வினா வந்தால் எல்லோரும் செய்வார்கள்; அதனால் உங்களுக்குக் கிடைக்கும் மேலதிக நன்மை மிகச் சிறியது. பழைய தாள்களைக் கொண்டு வரப்போகும் வினாவை ஊகிப்பதை விட்டு, உங்களை அளந்து பாருங்கள்.

இனி இரண்டாம் பத்திரம். சிறு பகுதிகளாகப் பிரித்துக் கேட்கப்படும் அமைப்புக் கட்டுரை வினாக்களில் பலர் புள்ளி இழப்பது அறிவுக் குறைவால் அல்ல, விடை எழுதும் முறையால். எளிய ஊசலில் ஏன் 20 அலைவுகளுக்கு நேரம் எடுக்கிறோம்? "துல்லியமாக இருக்க" என்று எழுதுகிறார்கள். அது எதையும் சொல்லாத விடை. ஏறத்தாழ 1 மீற்றர் ஊசலின் அலைவு காலம் 2 செக்கன். அளவீட்டில் 0.1 செக்கன் வழு என்றால், ஓர் அலைவை மட்டும் அளந்தால் 5 வீதம். 20 அலைவுகளுக்கு 40 செக்கனில் அது 0.25 வீதம். "நேர அளவீட்டின் நூற்றுவீத வழுவைக் குறைப்பதற்கு" என்பதே விடை. பரீட்சைத் திணைக்களம் வெளியிடும் புள்ளித்திட்டத்தை வாங்கி, உங்கள் விடையை நண்பரிடம் கொடுத்துத் திருத்தச் சொல்லுங்கள். நீங்கள் மனதில் நினைத்ததை உங்களுக்குத் தெரியும். நண்பருக்குத் தாளில் இருப்பது மட்டுமே தெரியும்.

ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் இரண்டு. பல்தேர்வு வினாவை வகுப்பில் எடுக்கும்போது விடையை உடனே கரும்பலகையில் எழுதாதீர்கள். எந்த விடைக்கு எத்தனை கை உயர்கிறது என்று பாருங்கள். 1.5 என்றவரும் 1.25 என்றவரும் ஒருவரோடொருவர் வாதிடட்டும். பத்து வினாவுக்குப் பதில் மூன்று வினாதான் முடியும். முடியட்டும்.

மற்றது ஆய்வுகூடம். பௌதிகவியலின் அமைப்புக் கட்டுரை வினாக்கள் பெரும்பாலும் பரிசோதனைகளிலிருந்தே எழுகின்றன. ஊசலைக் கையால் தொடாமல், ரியூசன் வகுப்பில் படத்தை மட்டும் கண்டு அந்த வினாவுக்கு விடை மனப்பாடம் செய்யும் பிள்ளைகள் நம்மிடையே ஏராளம். சனிக்கிழமையில் இரண்டு மணித்தியாலம் ஆய்வுகூடத்தைத் திறந்து வையுங்கள். ஒரு பழைய வினாவையும் அதற்குரிய உபகரணங்களையும் மேசையில் வையுங்கள். ஒவ்வொரு பகுதி வினாவுக்கும் பிள்ளைகள் செய்து பார்த்த பின்னர் விடை எழுதட்டும். உபகரணம் இல்லாத பாடசாலைகள் பக்கத்துப் பாடசாலையோடு பேசுங்கள். அதிபர்கள் சிலர் இன்று முன்வரிசையிலேயே இருக்கிறார்கள். கூட்டம் முடிந்ததும் அவர்களிடம் ஆய்வுகூடம் திறக்கும் திகதிகளைப் பற்றிக் கேட்கப் போகிறேன். நன்றி.