யாரும் செய்யாத பிழை

வணக்கம். நான் கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறவன். என் பாடத்தில் வரும் ஒரே ஒரு சொல்லைப் பற்றி இன்றைக்குப் பேசுகிறேன்: திட்டப்பிழை. முதலாம் ஆண்டு மாணவர்கள் பலர் தடுமாறுவது இந்த இடத்தில்தான், அதற்குப் பாதிக் காரணம் அந்தப் ‘பிழை’ என்ற சொல்தான் என்பது என் எண்ணம். பிழை என்றதும் யாரோ தப்புப் பண்ணிவிட்டார்கள் என்றுதானே தோன்றும்?

ஒரு வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு பெரிய அண்டா நிறையப் புளியங்கொட்டை கொண்டுபோய் வைத்தேன். நூற்றுக்கு 40 கொட்டைக்கு வெள்ளை பெயின்ட் அடித்திருந்தேன், அந்தக் கணக்கை யாருக்கும் சொல்லவில்லை. வகுப்பில் 40 பேர். ஒவ்வொருவரும் கண்ணை மூடிக்கொண்டு 25 கொட்டை எடுத்து, அதில் வெள்ளை எத்தனை என்று ஒரு சீட்டில் எழுதிவிட்டு, கொட்டைகளைத் திரும்பப் போட்டு நன்றாகக் கிளறிவிட வேண்டும். கணக்குப்படி 10 வர வேண்டும். வந்தது 9, 12, 10, 7, 11 என்று பலவிதமாக. ஒரு மாணவிக்கு மட்டும் 15. பக்கத்தில் இருக்கிறவர்களுக்கெல்லாம் 9, 10 என்று இருக்கவும், தான் தப்பாக எண்ணிவிட்டோம் என்று பயந்து சீட்டை உள்ளங்கையில் மடக்கி வைத்துக்கொண்டாள்.

அதை வாங்கிக் கரும்பலகையில் ஒட்டினோம். 7 வந்தவர்கள் சீட்டெல்லாம் ஒரு வரிசை, 8 வந்தவர்கள் அடுத்த வரிசை என்று ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்ட ஒட்ட, நடுவில் உயர்ந்து இரண்டு பக்கமும் சரிகிற நெல் குவியல் மாதிரி ஓர் உருவம் வந்தது. அந்தக் குவியலைத்தான் பாடப்புத்தகம் கூறெடுப்புப் பரவல் என்கிறது. அது எவ்வளவு அகலமாகச் சரிந்து கிடக்கிறது என்பதன் அளவுதான் திட்டப்பிழை. இங்கே அது சுமார் இரண்டரைக் கொட்டை, சதவீதத்தில் சொன்னால் ஏறத்தாழ 10. அந்தப் பெண் சரியாகத்தான் எண்ணியிருந்தாள். 40 பேர் எடுத்தால் ஒருவருக்கோ இருவருக்கோ 15, அல்லது அதற்கு மேல்கூட, வரத்தான் செய்யும்.

நிஜ வாழ்க்கையில் நம் கையில் இருப்பது 40 சீட்டு இல்லை, ஒன்றே ஒன்று. அது 10 வந்த சீட்டா, 15 வந்த சீட்டா என்று தெரியாது. ஆனால் அந்த ஒரு சீட்டை வைத்துக்கொண்டே, பார்க்காத அந்தக் குவியல் எவ்வளவு அகலமாக இருக்கும் என்று மதிப்பிட முடியும். இத்தனை வருஷம் நடத்தியும் எனக்கு இது ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

100 முட்டையை எடை போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 52 கிராம், திட்ட விலக்கம் 5 கிராம். இந்த 5, முட்டைக்கு முட்டை உள்ள வித்தியாசம். 100-இன் வர்க்கமூலம் 10, அதால் 5-ஐ வகுத்தால் அரை கிராம். இந்த அரை கிராம், உங்கள் சராசரி எவ்வளவு ஆடக்கூடும் என்பது, அதாவது திட்டப்பிழை. 10,000 முட்டை எடை போட்டாலும் முட்டைகள் ஒரே அளவாகிவிடாது, அந்த 5 அப்படியேதான் இருக்கும். சராசரியின் ஆட்டம் மட்டும் 0.05 கிராமுக்கு வந்துவிடும். இந்த இரண்டையும் குழப்பாதவர் பாடத்தின் பாதியைத் தாண்டிவிட்டார்.

வர்க்கமூலம் ஏன்? லண்டன் நாணயச் சாலையில் 13ஆம் நூற்றாண்டிலிருந்து ஒரு வழக்கம் இருந்துவந்தது. அடித்த நாணயங்களில் கொஞ்சத்தை ஒரு பெட்டியில் போட்டு வைத்து, பிறகு எல்லாவற்றையும் சேர்த்து நிறுத்துப் பார்ப்பார்கள். ஒரு காசுக்கு இவ்வளவு கூடக் குறைய இருக்கலாம் என்று அனுமதி, 100 காசு என்றால் அதைப் போல 100 மடங்கு அனுமதி. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு காசு கூடினால் இன்னொன்று குறையும், ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய், ஒவ்வொரு காசும் தன் போக்கில் கூடிக் குறைந்தால், மொத்தத்தில் மிஞ்சுகிற ஆட்டம் சுமார் 10 மடங்குதான். தேவைக்குமேல் பத்து மடங்கு தாராளம்! மொத்தம் 10 மடங்குதான் ஆடுகிறது என்றால், 100-ஆல் வகுத்துச் சராசரி பார்க்கும்போது ஆட்டம் பத்தில் ஒரு பங்காகிவிடும். முட்டைக் கணக்கில் 10-ஆல் வகுத்தது அதனால்தான். பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கில் டி மாய்வர் தேற்றம் வருகிறதே, அந்த டி மாய்வர் பிரான்ஸிலிருந்து அகதியாக வந்து வாழ்ந்தது இதே லண்டனில்தான். ஆட்டம் வர்க்கமூலத்தின்படிதான் வளரும் என்பதற்கான கணக்கை, நாணயச் சாலைக்காக அல்ல, சூதாட்ட வாய்ப்புகளை ஆராயும்போது, 1733இல் எழுதினார்.

‘ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்கிறோம். ஒரு சோறு எப்படிப் போதுகிறது? பருக்கைக்குப் பருக்கை வித்தியாசம் கம்மி, அதனால் போதுகிறது. பானை பெரிதா சின்னதா என்பது விஷயமே இல்லை. மனிதர்கள் பருக்கை மாதிரி இல்லை, அதனால் ஒருவர் போதாது, ஆயிரம் பேரைக் கேட்க வேண்டியிருக்கிறது. அதுவும் கிளறிவிட்டு எடுத்திருக்க வேண்டும். 1936 அமெரிக்கத் தேர்தலில் ‘யாருக்கு ஓட்டு?’ என்று கேட்ட ஒரு பத்திரிகைக்கு 20 லட்சத்துக்கும் மேல் பதில் வந்தது. திட்டப்பிழை ஒரு சதவீதத்தில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. ஆனாலும் தோற்றவரை வெல்வார் என்று சொன்னார்கள். டெலிபோன், கார் வைத்திருந்தவர்களின் பட்டியலிலிருந்து ஆளைப் பிடித்தார்கள், பதில் போட மெனக்கெட்டவர்களை மட்டும் எண்ணினார்கள். அப்படி வருகிற கோணலைத் திட்டப்பிழை காட்டாது.

அடுத்த வாரம் அதே அண்டாவில் ஆளுக்கு 100 கொட்டை எடுக்கச் சொன்னேன். நாலு மடங்கு வேலை, சதவீதத்தில் பார்த்தால் குவியலின் அகலம் பாதியானது. அந்த மாணவிக்கு இந்த முறை 43. அவளே எழுந்து வந்து ஒட்டினாள்.