எந்த மழையை நம்பி இருக்கிறோம்?

வணக்கம் நேயர்களே. ஐப்பசியில் நாலு மழை அடித்துவிட்டால் போதும், சென்னையில் தண்ணீர்ப் பஞ்சத்தைப் பற்றிப் பேச ஆள் கிடைக்காது. தெருவில் நிற்கும் தண்ணீர் எப்போது வடியும் என்பதுதான் பேச்சாக இருக்கும். ஏரி நிறைந்திருக்கும்போதுதான் பஞ்சத்தைப் பேச வேண்டும் என்பது என் கட்சி.

2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் நிரம்பி, திறந்துவிட்ட தண்ணீரும் சேர்ந்து அடையாறு ஊருக்குள் புகுந்தது. நாலே வருஷத்தில் அதே ஏரி காய்ந்து வெடித்துக் கிடந்தது. 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது, ஞாபகம் இருக்கும். ஒரு ரயிலுக்கு 25 லட்சம் லிட்டர். கேட்கப் பெரிதாகத்தான் இருக்கிறது, ஆனால் அன்றைக்கே ஊருக்கு நாளொன்றுக்கு 80 கோடி லிட்டருக்குக் குறையாமல் வேண்டியிருந்தது.

திட்டம் போடும்போது எத்தனை ஏரி, எத்தனை டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்றால் நூறு கோடி கன அடி) என்று எண்ணிப் பார்ப்பார்கள். நான் முதலில் கேட்பது, அந்தத் தண்ணீர் எந்த மழையில் வருகிறது என்பதைத்தான். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் சேர்ந்து 11 டி.எம்.சி. சொச்சம் பிடிக்கும், ஆனால் உள்ளூர் மழை என்று பார்த்தால் நான்குக்கும் பெரும்பங்கு வடகிழக்குப் பருவமழைதான், 2018-ல் அது கைவிட்டதும் நான்கும் ஒன்றாகக் காலியாகின. அந்த நேரத்தில் கைகொடுத்தது வீராணம். 2004-லிருந்து அங்கிருந்து குழாயில் தண்ணீர் வருகிறது. குடகில் பெய்த தென்மேற்கு மழை மேட்டூர், கொள்ளிடம், கீழணை, வடவாறு என்று சுற்றி வந்து சேரும் ஏரி அது. ஆந்திராவிலிருந்து வரும் கிருஷ்ணா நதித் தண்ணீரும் தென்மேற்கு மழைதான். 1983 ஒப்பந்தப்படி வருஷத்துக்கு 12 டி.எம்.சி. எல்லைக்கு வந்து சேர வேண்டும், பல வருஷம் அதில் பாதிகூட வரவில்லை. வழியில் இருக்கும் விவசாயிக்கும் தாகம் உண்டு அல்லவா?

அப்புறம் கடல். மீஞ்சூரில் 2010-லும் நெம்மேலியில் 2013-லும் கடல்நீரைக் குடிநீராக்கி நாளுக்கு 10 கோடி லிட்டர் தரும் ஆலைகள் வந்தன, நெம்மேலியில் 2024-ல் இன்னொரு 15 கோடி. கடலுக்கு மழை வேண்டாம், கரண்டு வேண்டும், நிறைய. இதில் ஒரு வேடிக்கை: மீஞ்சூர்ப் பக்கம் ஆழ்துளைக் கிணறுகளில் அளவுக்கு மீறி இறைத்ததில் நிலத்தடியில் கடல்நீர் உள்ளே ஏறி, கிணறெல்லாம் உப்பாகிப் பல வருஷம் கழித்துத்தான் அந்த ஆலை வந்தது.

எந்த மழையையும் நம்பாத இன்னொரு வழி நம் வீட்டுச் சாக்கடை. மூக்கைப் பிடிக்காதீர்கள். நாம் புழங்கும் தண்ணீரில் பெரும்பகுதி கழிவுநீராகத் திரும்பி வருகிறது, வறட்சியிலும் அது நிற்பதில்லை. மணலி ஆலைகள் 1990-களிலிருந்தே சுத்திகரித்த கழிவுநீரை வாங்கிப் பயன்படுத்துகின்றன. 2019-ல் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் நாளுக்குத் தலா 4.5 கோடி லிட்டர் சுத்திகரிக்கும் நிலையங்கள் வந்தன, அந்தத் தண்ணீர் தொழிற்சாலைகளுக்குப் போகிறது. ஆலைக்கு அது போனால் அந்த அளவு ஏரித் தண்ணீர் குடிக்க மிஞ்சும். சிங்கப்பூர் 2003-லிருந்து இப்படிச் சுத்திகரித்த தண்ணீரில் ஒரு பங்கை நீர்த்தேக்கங்களில் கலந்து, மறுபடி சுத்தம் செய்து குடிக்கிறது. என் கையில் பணம் கொடுத்தால் அடுத்த கடல்நீர் ஆலைக்கு முன்னால் இதற்குத்தான் செலவழிப்பேன், உப்பு நீக்குவதைவிட இதற்கு மின்சாரம் குறைவு.

சரி, வீட்டில் என்ன செய்யலாம்? 2003-ல் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. மாடியிலிருந்து குழாய் இறங்கும், கீழே குழிக்குள் கருங்கல் ஜல்லியும் மணலும் இருக்கும். அந்த மூடியைத் திறந்து பல வருஷம் ஆன வீடுகள்தான் அதிகம், திறந்தால் மேல் மணல் களிமண்ணாகக் கெட்டிப்பட்டிருக்கும், ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினால் அப்படியே நிற்கும். புரட்டாசிக்குள் அந்த மேல் மணலை வாரிப் போட்டுவிட்டுப் புது மணல் நிரப்புங்கள், அரை நாள் வேலை. மாடியைக் கூட்டிவிடுங்கள். முதல் மழையை வெளியே விட்டுவிட்டு அடுத்த மழையிலிருந்து குழிக்குத் திருப்புங்கள்.