சுழலும் பிளாஸ்மா உள்ளே விழுவது எப்படி?

[திரையில்: கருந்துளையைச் சுற்றும் ஒளிரும் வட்டு]

கருந்துளையைச் சுற்றும் பிளாஸ்மா, அதாவது மின்னேற்றம் பெற்ற வாயு, கோள்களைப் போலவே, உள்ளே விரைவாகவும் வெளியே மெதுவாகவும் சுற்றுகிறது. அது உள்ளே விழ வேண்டுமானால் தன் கோண உந்தத்தை, அதாவது சுழற்சியின் உந்தத்தை, வெளியே இருக்கும் பிளாஸ்மாவிடம் ஒப்படைத்தாக வேண்டும். பாய்மத்தின் உள் உராய்வான சாதாரணப் பாகுநிலை அதற்குப் போதவே போதாது. கொந்தளிப்புதான் அந்த வேலையைச் செய்கிறது என்று கொண்டு, 1973இல் ஷகூராவும் சுன்யாயெவும் அதன் வலிமையை ஆல்ஃபா என்ற ஒற்றை எண்ணில் அடக்கினார்கள். கணக்கு நடந்தது, கொந்தளிப்பு எங்கிருந்து பிறக்கிறது என்ற கேள்வி மட்டும் நின்றுவிட்டது.

விடை காந்தப்புலத்தில் இருந்தது. உருளைகளுக்கிடையே சுழலும் மின்கடத்தும் திரவத்தை ஆராய்ந்து, 1959இல் வெலிகோவும் 1960இல் சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சந்திரசேகரும் காந்தப்புலத்தால் சிறு சலனமும் தானே பெருகிவிடும் ஒரு நிலையின்மையைக் கண்டிருந்தார்கள். ஆயினும் வான்பொருள் வட்டுகளில் அதன் முக்கியத்துவத்தை 1991இல்தான் பால்பஸும் ஹாலியும் எடுத்துக்காட்டினார்கள்.

[திரையில்: ஒரு சுருள்வில்லால் பிணைந்த இரு துணுக்குகள்]

வலுக்குறைந்த காந்தப்புலக் கோடு ஒன்று இரு பிளாஸ்மாத் துணுக்குகளைக் கோத்திருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்று சற்று உள்ளே நகர்ந்தால் முந்தி ஓடும். கோடு சுருள்வில் போல் நீண்டு அதைப் பின்னுக்கு இழுக்கும். இழுபட்ட துணுக்கு கோண உந்தத்தை இழந்து மேலும் உள்ளே இறங்கி, முன்னிலும் விரைவாகச் சுற்றும். பிணைத்து வைக்க வேண்டிய இழுவையே இரண்டையும் பிரித்துவிடுகிறது என்பதுதான் இதில் எனக்குத் தீராத வியப்பு. சூழல் சாதகமாக இருந்தால், ஒரே சுற்றில் சலனம் நூறு மடங்குக்கு மேல் பெருகும்.

அப்படியானால் இந்தப் பெருக்கம் எங்கே நிற்கும்? பொதுவாக, சலனம் பெரிதானதும், சமன்பாடுகளில் சலனத்தைச் சலனத்தாலேயே பெருக்கும் நேரியலற்ற உறுப்புகள் தலையெடுத்து அதற்குக் கடிவாளம் போடும் என்றே எதிர்பார்ப்போம். இங்கே நடப்பது வேறு. உள்நோக்கியும் வெளிநோக்கியும் அடுக்கடுக்காகப் பாயும் ஓடைகளில், வட்டின் சிறு பகுதியை அமுங்காத பாய்மமாகக் கொண்டால், அந்த உறுப்புகள் தாமாகவே மறைந்துவிடுகின்றன. அவற்றை விட்டுவிட்டுச் சிறு சலனத்துக்குக் கண்ட நேரியல் தீர்வே முழுச் சமன்பாடுகளுக்கும் தீர்வாகி, வளர்ச்சி தடையின்றித் தொடர்கிறது. அதை நிறுத்துவது வேறொரு நிலையின்மை. அடுத்தடுத்த ஓடைகள் எதிரெதிராக உரசிச் செல்வதால் அந்த வேகத்தையே உண்டு வளரும் ஒட்டுண்ணிச் சலனங்கள் தோன்றி ஓடைகளை உடைக்கும் என்று 1994இல் குட்மனும் சூவும் காட்டினார்கள். அந்த உடைவில் பிறப்பதே கொந்தளிப்பு. அதில் கோண உந்தத்தின் பெரும்பங்கை வெளியே கொண்டுசெல்வது திசைவேக ஏற்ற இறக்கமன்று, முறுக்கேறிய காந்தப்புலமே.

[திரையில்: சுழலும் இரட்டை உருளை]

பிரின்ஸ்டன் ஆய்வகம், காலியம் கலந்த திரவ உலோகத்தைச் சுழற்றி இந்த நிலையின்மையைக் கண்டதாக 2022இல் அறிவித்தது. அந்த உலோகத்தில் காந்தப்புலம் பரவிக் கரையும் வேகம், பாகுநிலையால் திசைவேகம் பரவும் வேகத்தைவிடப் பல லட்சம் மடங்கு அதிகம். இந்த விகிதம் மாறினால் கொந்தளிப்பின் வலிமையும் மாறுவதைக் கணினிப் பாவனைகள் காட்டுகின்றன. ஆகவே ஆல்ஃபாவை எல்லா வட்டுகளுக்கும் பொதுவான ஒரே எண்ணாகக் கொள்ள இயலாது.